குடைக்கார வீட்டு நிழல்

பெரிய மடத்தம்மா தெயோஃபானா கறுப்பு நூலைக் கட்டிவிட்ட செய்தி, காலைப் பூசைக்கு மணி போலத் தட்டும் மரப்பலகை ஓய்வதற்குள் பொயானா முழுக்கப் பரவிவிட்டது. அஸ்பாசியாவுக்குத்தான் கடைசியில் தெரிந்தது. யார் வீட்டு விஷயமோ அவர்களிடம் சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது, மற்றபடி அந்த ஊரில் வாய்க்குப் பஞ்சமே கிடையாது. அவள் ஆற்றங்கரைப் புல்வெளியில், முந்தின நாள் அறுத்துப் போட்ட புல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் புல்வெளிக்காரி ருக்ஸாந்தா வேலியோரம் வந்து நின்று, தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள்.

"என்னடி, விரத நாள்ல பொய் சொல்லக் கூடாதேன்னு முழுங்கிக்கிட்டு நிக்கிறியா? கக்கிடு."

"உங்க வீட்டு நிழல்ல நூல் தொங்குதுக்கா."

அஸ்பாசியாவின் கவைக்கோல் அந்தரத்தில் நின்றது.

"எங்க நிழல்லயா? கவ்ரில் வீட்டுதா இருக்கும், நல்லாப் பாரு. அவன் ஆணி அடிக்கிற லட்சணத்துக்கு நூல் என்ன, கயிறே கட்டித் தொங்க விடலாம்."

"பேதுரு பக்கம் இல்லக்கா. பிசாசு பக்கம்தான். நானே பாத்தேன்."

இந்த நிழல் விவகாரம் புக்கோவினா மலைநாட்டிலேயே பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரனுக்குப் புரியாது, ஆகையால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பொயானா கன்னியர் மடத்துக் கோயிலின் வெளிச்சுவர் முழுக்க, அடி முதல் உச்சி வரை சித்திரம். ஈரச் சுண்ணாம்பு காயுமுன் தீட்டியது. மழையிலிருந்து அதைக் காப்பது மேலே அகலமாக நீட்டிக்கொண்டு நிற்கும் மர ஓட்டுக் கூரை ஒன்றுதான். அந்தக் கூரையை ஊரார் வீட்டுக்கு ஒரு பட்டையாகப் பங்கு போட்டிருந்தார்கள். பட்டை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நிழல் என்பார்கள். சொந்த மரம், சொந்தக் கை, அதுதான் கட்டளை. யார் நிழலுக்கடியில் சுவர் நனைகிறதோ, அந்த இடத்தில் கூரை விளிம்பிலிருந்து மடத்தம்மா ஒரு கறுப்புக் கம்பளி நூலைத் தொங்கவிடுவாள். ஓட்டை மாற்றிப் போட்டால் மட்டும் நூல் இறங்காது. போட்ட பிறகு ஒரு மழை வந்து, சுவர் காய்ந்திருக்க வேண்டும். மாதா திருநாள் பவனி சுற்றி முடியும்போதும் நூல் தொங்கினால், நிழல் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். போனது திரும்பாது.

அஸ்பாசியாவின் புருஷன் தொவாதெர் வீட்டு நிழல் மேற்குச் சுவரில், கடைசித் தீர்ப்புச் சித்திரத்தின் வலது ஓரத்தில் இருந்தது. ஆண்டவருடைய சிம்மாசனத்தடியிலிருந்து கிளம்பிக் கீழே பெருகிப் போகும் நெருப்பாறு, அதில் மிதக்கும் ராஜாக்கள், தளபதிகள், வட்டிக்காரர்கள், அவர்களைக் கொக்கி போட்டு இழுக்கும் பிசாசுகள், எல்லாம் இவர்கள் பொறுப்பு. ஆதியில் பங்கு போட்ட நாளில் இந்த மூலையை எடுத்துக்கொள்ள ஒரு வீடும் முன்வரவில்லையாம். தொவாதெருடைய முப்பாட்டன்தான், "எனக்குக் குடுங்க. புனிதருங்களைக் கடவுள் பாத்துக்குவாரு. இந்தப் பயலுகளுக்கு யாரு இருக்கா?" என்று வாங்கிக்கொண்டானாம். அன்றிலிருந்து பிசாசுக்குக் குடை பிடிக்கிறவர்கள் என்று பேர். குடைக்கார வீடு. தொவாதெர் கல்யாணமான வருஷம் ராதவுட்ஸ் சந்தைக்குப் போய் ஒரு பெரிய கறுப்புக் குடை வாங்கி வந்து, வெயிலில் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தான். ஊரிலேயே முதல் குடை. கேலிக்கு அவ்வளவுதான் பதில்.

உண்மையில் பெருமைக்கும் காரணம் இருந்தது. மற்ற நிழல்களுக்கடியில் புனிதர்களுக்கு மூக்கு போயிருந்தது, தாடி போயிருந்தது. பக்கத்திலேயே கவ்ரில் வீட்டு நிழலுக்கடியில், சொர்க்க வாசலில் நிற்கும் பேதுருவின் கையில் சாவியே தெரியாது. நெருப்பாறு மட்டும் அடுப்புத் தணல் சிவப்பாக அப்படியே கிடந்தது.

கிடந்தது, போன மாசம் வரைக்கும்.

அஸ்பாசியா கவைக்கோலைக் கையில் பிடித்தபடியே மடத்துக்கு நடந்தாள். சுவரடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மேலேயிருந்து ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப் போன தடம், நீளவால் பிசாசின் தோள் வரை இறங்கியிருந்தது. சிவப்பு அங்கே பால் கலந்த மாதிரி இருந்தது. விளிம்பில் நூல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"உன்னை இத்தனை காலம் ஒரு சொட்டு படாம வளத்தாங்களேடா," என்று பிசாசைப் பார்த்துச் சொன்னாள். அழுகை வந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மணிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்த ஏணியை இழுத்து வந்து சார்த்தி ஏறினாள்.

பாதி ஏணியிலேயே விஷயம் விளங்கிவிட்டது. மர ஓட்டில் ஒரு ஓரத்தைக் கத்தி முனையாகச் சீவியிருப்பார்கள், மற்ற ஓரத்தில் வாய் பிளந்திருப்பார்கள். ஒன்றின் முனை அடுத்ததன் வாய்க்குள் போகும். பொயானாவில் மழை வடக்குக் கணவாயிலிருந்து சாய்ந்து வரும், அதனால் வாய் எப்போதும் தெற்கே பார்க்க வேண்டும். இங்கே ஒரு வரிசை மிச்சமில்லாமல் வடக்கே பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. மழையே வா, வந்து வாய்க்குள் விழு என்று கூப்பிடுகிற மாதிரி.

ஜூன் மாதம் அதைப் போட்டது மருமகன் கோஸ்தன். மே மாதம் தொவாதெர் சொந்த வீட்டுக் கூரையைப் பிரிக்கும்போது கால் தவறி விழுந்து முதுகெலும்பில் அடி. மருத்துவர் வந்து மல்லாக்கப் பலகையில் கிடத்தி, இலை உதிரும் காலம் வரை அசையவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பாதி பிரித்த கூரைக்குத் தார்ப்பாயைப் போர்த்தியிருந்தார்கள். நிழலைப் புதுப்பிக்கிற வருஷமும் அதுவாகவே வந்து தொலைத்தது. மருமகன்தான் ஏறினான்.

அவள் நேரே மேட்டுப் புல்வெளிக்குப் போனாள். கோஸ்தன் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். மகள் சவேதா, எட்டு மாத வயிற்றோடு, களியும் பூண்டுச் சாறும் கொண்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

"மாப்ள," என்றாள் அஸ்பாசியா. வீட்டோடு இருந்தாலும் மருமகனை அவள் வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். "உங்க ஊர்ல மழை எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?"

"எங்க ஊர்லயா? தெக்கேர்ந்து, அத்தை. பள்ளத்தாக்கு வழியா ஏறி வரும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு நின்றுபோனது. அரிவாள் தீட்டுகிற கல் கையிலிருந்து விழுந்தது. "ஐயோ."

"ஆமா. ஐயோ."

"கை தானாப் போச்சு அத்தை. சின்ன வயசுலேர்ந்து அப்படியே அடிச்சு அடிச்சு... பாக்கக்கூட இல்ல. யோசிக்கவே இல்ல."

சவேதா கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மா, நூல் கட்டிட்டாங்களா?"

"கட்டியாச்சு. ஊரே பாத்தாச்சு. உங்கப்பன் ஒருத்தன்தான் பாக்கி. அவனுக்குத் தெரியக் கூடாது, சொல்லிட்டேன். தெரிஞ்சா எந்திரிச்சு நடப்பான், நடந்தா செத்துடுவான்."

கோஸ்தன் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். "பிரிச்சு மாத்திப் போட்டுடறேன், இன்னைக்கே."

"எதை வச்சு? ஆணி பிடுங்கினா ஓடு ரெண்டாப் பிளக்குமே. புது ஓடு வேணும், காஞ்ச ஓடு. இப்ப மரம் வெட்டி அது எப்பக் காயறது?" அவள் களிச்சட்டியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கவலையில் அவளுக்குப் பசிக்கும். "சாப்பிடுங்க. பட்டினி கிடந்தா மட்டும் வாய் தெக்கே திரும்பிடுமா?"

வீட்டுக்குப் போனதும் தொவாதெர் பலகையில் கிடந்தபடி கேட்டான். இரண்டு மாதமாக ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கேட்கிற கேள்விதான். "என்னடி, நம்ம பயலுக நனைஞ்சானுங்களா?"

"சல்லடையில சலிச்ச மாவு மாதிரி இருக்கானுங்க."

"மாப்ள கை எப்படி?"

"உன் கைய விடப் பரவால்ல."

தொவாதெர் கூரையைப் பார்த்துச் சிரித்தான். அவனிடம் அவள் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை என்றில்லை, ஆனால் இந்த முறை அவன் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைக் கிளறப் போனாள்.

சாயங்காலம் கவ்ரில் வந்தான். பங்காளி முறை, தொவாதெருக்குத் தம்பி வேண்டும். நல்லவன்தான், ஆனால் நெருப்பாற்றின் மேல் அவன் வீட்டுக்கு இரண்டு தலைமுறையாக ஒரு கண். சொர்க்கமும் நரகமும் சேர்ந்து கிடைத்தால் மேற்குச் சுவரில் பாதி அவனுடையது. முற்றத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகப் பேசினான்.

"மதினி, நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்பத்தான் எனக்குப் பயமா இருக்கும் கொழுந்தனாரே. சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை மடத்தம்மா எல்லார் முன்னாடியும் கேப்பா, யார் கைன்னு. வெளிக் கைன்னு சொல்லிடு. முடிஞ்சுது. வெளிக் கைன்னா நிழல் போகாது, ஊர் வழக்கம் தெரியாதவன் செஞ்ச பிசகுன்னு விட்டுடுவாங்க. அடுத்த வருஷம் வரைக்கும் டைம் கிடைக்கும். அந்தப் பையன் இனிமே கூரை ஏறாம இருந்தாப் போதும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவன் வெளியூர்க்காரன்தானே. உள்ளதைத்தானே சொல்றோம்."

"அவன் பிள்ளை பொறக்கப் போகுதே. அதுவும் வெளிக் கையா? அதுவும் கூரை ஏறக் கூடாதா?"

கவ்ரில் தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதைப் பற்றி அவன் யோசித்திருந்தான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. தொவாதெருக்கு ஆண் பிள்ளை கிடையாது. மருமகன் வெளிக் கையாகிவிட்டால், தொவாதெருக்குப் பிறகு நெருப்பாறு யாருக்குப் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"போயிட்டு வாங்க கொழுந்தனாரே. போற வழியில உங்க பேதுருகிட்ட சாவி கிடைச்சுதான்னு கேளுங்க. பாவம், எத்தனை வருஷமா வாசல்லயே நிக்கிறாரு."

வாயடித்து அனுப்பிவிட்டாளே தவிர, மனசுக்குள் ஆடித்தான் போனாள். கவ்ரில் சொன்னதில் பொய் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் வீட்டு மானம் தப்பிக்கும். கோஸ்தன் எதிர்த்துப் பேசுகிறவனும் இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். போவான் என்பதுதான் பயம். அவன் போனால் சவேதாவும் மூட்டை கட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் மேற்குச் சுவரடியில் கூடினார்கள். தெயோஃபானா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். சின்ன உருவம், குரல் மட்டும் கோயிலுக்குள் கேட்பது போல வெளியிலும் கேட்கும்.

"தொவாதெர் வீட்டு நிழல்ல தண்ணி இறங்கியிருக்கு. யார் கை?"

கோஸ்தன் ஒரு அடி முன்னால் வந்தான், வாயைத் திறந்தான். அஸ்பாசியா அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"எங்க வீட்டுக் கை," என்றாள்.

"வீட்டுக் கையா? நல்லா யோசிச்சுச் சொல்லு மகளே. வீட்டுக் கைன்னா திருநாள் வரைக்கும்தான்."

"யோசிச்சாச்சு. என் வீட்டுல சாப்பிடற கை, என் மாட்டைக் கறக்கற கை, என் பேரப்பிள்ளையத் தூக்கப் போற கை. அது எங்க வீட்டுக் கை இல்லாம கவ்ரில் வீட்டுக் கையா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தெயோஃபானா சிரிக்கவில்லை, ஆனால் கைத்தடியை ஒருமுறை தரையில் தட்டிவிட்டுப் போனாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கோஸ்தன் அவள் பக்கத்திலேயே நடந்தான். ஆற்றுப் பாலம் வந்ததும், "அத்தை, ஏன்?" என்றான்.

"வாயை மூடிக்கிட்டு நட. ஓட்டுக்கு வழி பாக்கணும், அதை யோசி. உனக்கு என்ன, பண்ணிட்டுப் போயிட்ட."

கோஸ்தன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் மாமியார் அவனை நீ என்று சொன்னது அன்றைக்குத்தான். திட்டுத்தான், ஆனாலும் அவன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

ஓட்டுக்கு வழி இருந்தது, இரண்டு பேருக்குமே தெரியும். தொவாதெர் இரண்டு குளிர்காலம் தேய்பிறையில் மரம் வெட்டி, ஒவ்வொன்றாகப் பிளந்து சீவி, சொந்த வீட்டுக்கென்று காயவைத்த ஓட்டு அடுக்கு. அவன் படுத்திருக்கிற அறையின் வெளிச்சுவரை ஒட்டி, ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. புல் வேலை முடிந்ததும் கோஸ்தன் அதைக் கூரையில் அடிப்பதாக ஏற்பாடு. அதை எடுத்துவிட்டால் இந்தக் குளிர்காலத்துக்குத் தலைக்கு மேல் தார்ப்பாய்தான். அடுத்த குளிர்காலத்துக்கும் அதேதான்.

திங்கள் காலை வண்டியை ஓசைப்படாமல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஓட்டை ஒவ்வொன்றாகக் கை மாற்றி அடுக்கினார்கள். அடுக்கு பாதி இறங்கியபோது உள்ளேயிருந்து தொவாதெரின் குரல் வந்தது.

"அடியே! என் மூஞ்சியில வெயில் அடிக்குது!"

அஸ்பாசியா கையிலிருந்த ஓட்டோடு அப்படியே நின்றாள். ஜன்னலை அவள் மறந்தே போயிருந்தாள்.

"ரெண்டு வருஷமா இந்த ஜன்னல்ல வெயில் வந்ததில்ல. இப்ப வருதுன்னா அடுக்கு இறங்குது. அடுக்கு இறங்குதுன்னா கூரை மேல சுத்தியல் சத்தம் கேக்கணும். கேக்கல. எங்கடி போகுது என் ஓடு?"

அவள் உள்ளே போனாள். இடுப்பில் கட்டிய முன்துணியில் கையைத் துடைத்தாள். அவன் மல்லாக்கக் கிடந்தபடி கண்ணைக் கூசிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"நூல் கட்டிட்டாங்கய்யா," என்றாள். அதற்கு மேல் மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. வாய் வடக்கே பார்த்தது, கவ்ரில் வந்தது, மடத்தம்மா கேட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

தொவாதெர் இரண்டு கையாலும் பலகை விளிம்பைப் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. எழுந்துவிடப் போகிறான் என்று அவள் அவன் தோளில் கை வைத்து அழுத்தினாள்.

"நீளவாலனா?"

"தோள் வரைக்கும் வெளுத்துப் போச்சு."

"சல்லடையில சலிச்ச மாவுன்னியே, பாவி."

"சொன்னேன். இப்ப அடிக்கணும்னா அடி. கை மட்டும்தான் அசைக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"யார் கைன்னு கேட்டதுக்கு என்ன சொன்னே?"

"எங்க வீட்டுக் கைன்னேன்."

தொவாதெரின் கண் நிறைந்துவிட்டது. மல்லாக்கப் படுத்திருந்தவனுக்கு அது காதுப் பக்கம் வழிந்தது, அவன் துடைக்கவில்லை. "கோஸ்தன்!" என்று வீடே அதிரக் கத்தினான். மருமகன் கதவருகே வந்து நின்றான்.

"நல்லதா நாலு பாத்து எடுக்கறேன்னு மிச்சம் வச்சியோ, தெரியும் சேதி. முழுசா எடு. அடியில இருக்கறதுதான் நல்ல மரம், வைரம் பாஞ்சது. எனக்குன்னு வச்சிருந்தேன்."

"மாமா, உங்களுக்குக் கூரை... மில்லுல அறுத்த ஓடு வாங்கி..."

"மில்லு ஓட்டுக்கடியில நான் படுக்கணுமா? மழை பெஞ்சா நனைஞ்சுட்டுப் போறேன், நான் என்ன சித்திரமா, சாயம் போக? வாய் எந்தப் பக்கம்டா?"

"தெக்கே, மாமா."

"இன்னொரு தடவை சொல்லு."

"தெக்கே."

"போ."

மூன்று பேருமாக வேலை செய்தார்கள். கோஸ்தன் மேலே, அஸ்பாசியா ஏணியில் ஓட்டைச் சுமந்து, சவேதா கீழே உட்கார்ந்து ஆணிகளை எண்ணெயில் தோய்த்து எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கோஸ்தன் தலையை நீட்டி, "தெக்கே!" என்று கத்துவான், இவர்கள், "தெக்கே!" என்பார்கள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சொந்த வீட்டு ஓடு என்று தெரிந்ததும் யாரும் கேலி பேசவில்லை. ருக்ஸாந்தா ஒருநாள் காளான் சூப்பு ஒரு பானை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

திருநாளுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. மழைதான் வரவில்லை.

அப்படி ஒரு வெயில் அந்த வருஷம். ஊரெல்லாம் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு புல்லைக் காயவைத்துப் போர் ஏற்றியது. கவ்ரில் போர் கோபுரமாக நின்றது. அஸ்பாசியாவின் புல் பாதி அறுத்தும் அறுக்காமலும் ஆற்றங்கரையில் கிடந்தது. கூரை வேலையில் அதைப் பார்க்க ஆளில்லை. மழை வந்தால் புல் அழுகும், புருஷன் நனைவான். மழை வராவிட்டால் நிழல் போகும். தினமும் காலையில் வெளியே வந்து வடக்குக் கணவாயைப் பார்ப்பாள். ஊரே வெயில் கேட்டு மெழுகுவத்தி ஏற்றிய கோயிலில், ஒரு மூலையில் மழை கேட்டு ஏற்றி வைத்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டு வந்தாள்.

திருநாள் காலை வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அஸ்பாசியா கணவாயை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். பூவேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள், தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். தொவாதெர் பலகையிலிருந்து, "நேரா நட. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போன, திரும்பி வராத," என்றான். அவள் நேராகத்தான் நடந்தாள்.

பூசை நீண்டது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம். மாதா படத்தைத் தூக்கிக்கொண்டு பவனி தெற்கு வாசலில் கிளம்பியபோது, சந்தனம் மாதிரி ஒரு வாசனை காற்றில் வந்தது என்று பிறகு சிலர் சொன்னார்கள். அஸ்பாசியா அதெல்லாம் கவனிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது கால் முட்டியில் வலி. மழைக்கு முன்னால் அவளுக்கு அந்த வலி வரும். அவள் கணவாயைப் பார்த்தாள். அங்கே மலை இல்லை, கறுப்பாக ஒரு மேகச் சுவர் நின்றது.

பவனி கிழக்கே வளைந்து வடக்குச் சுவருக்கு வரும்போது முதல் துளி விழுந்தது. மேற்கே திரும்பும்போது கொட்டியது. வடக்கிலிருந்து, சாய்ந்து, பொயானா மழை எப்படி அடிக்குமோ அப்படியே. பாதிரியார் மாதா படத்தைத் தன் அங்கிக்குள் அணைத்துக்கொண்டார், ஜனம் முழுக்கக் கூரை விளிம்புக்கடியில் சுவரை ஒட்டி நெருக்கியடித்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் திரைபோல் விழுந்தது. சுற்று முடியாமல் யாரும் கோயிலுக்குள் போகவில்லை. பாதிரியார் நின்ற இடத்திலேயே பாடினார், எல்லோரும் பாடினார்கள், பாடிக்கொண்டே எல்லாக் கண்ணும் மேலே, நெருப்பாற்றின் தலைப்பில் இருந்தது. கோஸ்தன் மட்டும் பார்க்க மாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். சவேதா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மழை சீக்கிரம் விடவில்லை. விடாதது நல்லது என்று அஸ்பாசியா நினைத்தாள். அடி, இன்னும் அடி, அப்புறம் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது.

கடைசியில் தெயோஃபானா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, எட்டுகிற உயரத்திலிருந்து கீழே வரை மெதுவாக ஒற்றினாள். வெளுத்துப் போன தடத்தின் மேலும் ஒற்றினாள். பிறகு ஏணி வைத்து ஒரு இளம் கன்னியாஸ்திரீயை ஏற்றி மேலேயும் ஒற்றச் சொன்னாள். துணியை விரித்து எல்லோருக்கும் காட்டினாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"யார் கை?" என்று கேட்டாள்.

அஸ்பாசியா இந்தத் தடவை கோஸ்தனைப் பிடித்து முன்னால் தள்ளினாள். கூட்டத்திலிருந்து ருக்ஸாந்தாதான் முதலில் கத்தினாள், "குடைக்கார வீட்டுக் கை!" பிறகு இன்னும் பல பேர் கத்தினார்கள்.

"அப்ப அந்தக் கையே நூலை அவுக்கட்டும்."

கோஸ்தன் மழைக்குள் போய் ஏணியில் ஏறினான். விளிம்புத் தண்ணீர் முழுக்க அவன் தலையில்தான் விழுந்தது. நூல் ஊறிப்போய் முடிச்சு இறுகியிருந்தது, அவன் பல்லால் கடித்து அவிழ்த்தான். கீழே ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி நின்றது கவ்ரில்.

"பாத்து இறங்கு மாப்ள, வழுக்கும்," என்றான். பிறகு அஸ்பாசியாவின் பக்கம் திரும்பினான். "மதினி, ஒத்துக்கறேன். உங்க பிசாசுங்க என் பேதுருவை விட சௌக்கியமா இருக்கானுங்க."

"ரெண்டு பேரை அனுப்பி வைக்கிறேன் கொழுந்தனாரே. சாவி தேடிக் குடுப்பானுங்க."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள். நெருப்பாறு அவள் முதுகுக்குப் பின்னால் காய்ந்து, சிவந்து கிடந்தது. நீளவாலனின் தோளில் அந்த வெளுப்பு மட்டும் இருந்தது. அது இனி எப்போதும் இருக்கும்.

விருந்துக்கு நிற்காமல் வீட்டுக்கு ஓடினாள். ஆற்றங்கரையில் அவளுடைய புல் தண்ணீரில் கறுத்துப் படுத்திருந்தது. பார்த்தாள், நிற்கவில்லை.

வீட்டுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. தார்ப்பாய் ஒரு பக்கம் குழிந்து, ஓரத்தால் வழிந்து, களிப்பானையிலும் பால்வாளியிலும் தரையிலும் சொட்டிக்கொண்டிருந்தது. பலகையில் மல்லாக்கக் கிடந்தபடி தொவாதெர், அந்தப் பழைய கறுப்புக் குடையை விரித்து மார்பின் மேல் பிடித்திருந்தான். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தானோ.

"நனைஞ்சானுங்களா?" என்றான்.

அவள் கோஸ்தன் அவிழ்த்துக் கொடுத்த ஈர நூலை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "இல்ல."

"ஒருத்தன்கூடவா?"

"ஒருத்தன்கூட இல்ல. நீளவாலன்கூட இல்ல."

அவன் சிரித்தான். சிரித்தால் முதுகு வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தான். அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் கையிலிருந்து குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் தோள் நனைந்தது.

"ஊர்ல என்ன பேசிக்கிறாங்க?"

"என்ன பேசுவாங்க? இந்த அஸ்பாசியா கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பிசாசுக்குக் குடை பிடிச்சே காலத்தைக் கழிச்சுட்டாங்கறாங்க."

"சரியாத்தான் பேசறாங்க," என்றான் தொவாதெர். "கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடி. காது நனையுது."